பூவாத்தாள் கன்னத்து வீக்கம்

சங்ககிரிச் சந்தையில் இப்படித்தான் சொல்வார்கள்: பூவாத்தாள் என்கிற கூலிக்காரி அரை வள்ளம், அதாவது இரண்டு படி, விதைக்கடலையை வாய்க்குள் அடக்கித் திருடினாள், மாரியாயி அம்மன் கோபித்துக்கொண்டு ஒன்பது நாள் அவள் தாடையைப் பூட்டிவிட்டாள். வெற்றிலைக் கடையில் கேட்டால் பதினொரு நாள். அரை வள்ளம் கொள்ளுகிற வாய் சேலம் ஜில்லாவில் யாருக்கும் கிடையாது, மாட்டுத் தரகர்களைத் தவிர. நடந்தது வேறு. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மேட்டூர் அணையில் முதன்முதலாகத் தண்ணீர் தேக்கிய வருஷம், வைகாசி மாதம். நிலக்காரி சென்னியம்மாளின் களத்தில் பத்துப் பெண்கள் விதைக்காகக் கடலைக்காய் உரித்தார்கள். கல்லால் தட்டினால் பருப்பின் தோல் கிழியும், கிழிந்தது முளைக்காது. அதனால் காயின் மூக்கில் பல்லால் ஒரு கடி, மற்றதை விரல் பார்த்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருத்தியும் சென்னியம்மாள் முன்னால் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விதையைத் தின்றவளுக்கு அந்தக் களத்தில் மறுபடி வேலை கிடையாது.

பூவாத்தாளுக்கு இடப்பக்கக் கடைவாய்ப்பல் உடைந்திருந்தது. ஆகவே எல்லாக் கடியும் வலப்பக்கம்தான். வெயிலில் தொலி பறக்கும், கண் சொக்கும், தாடை மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். டக், டக். மூன்றாம் நாள் அதே சத்தம் காதுக்கு முன்னால் எலும்புக்குள்ளேயே கேட்டது. யாரோ உள்ளே உட்கார்ந்து இன்னொரு கடலைக்காய் உரிப்பதாக நினைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் மாலை வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. வலக்கன்னம் கெட்டியாகப் புடைத்திருந்தது.

"உள்ள இருக்கறதத் துப்புடி," என்றாள் சென்னியம்மாள்.

பூவாத்தாள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"கன்னம் இப்படிப் பொடைச்சிருக்குது, ஒண்ணுமில்லேங்கறயா?"

"ஆத்தா, அவ சோத்துக்குக்கூட இவ்வளவு சின்னதா வாயத் தொறந்ததில்லீங்க," என்றாள் ராசாத்தி. பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிறவள். வாய் சும்மா இருக்காது.

"வாயத் தொறக்கற வரைக்கும் இங்கயே கெட. தொறக்காம போனீன்னா திருடின்னு ஊரெல்லாம் சொல்லீருவேன்," என்றாள் சென்னியம்மாள்.

பூவாத்தாள் மாட்டுக்கொட்டகையில் போய்ச் சாய்ந்தாள். எதிரே செவலை எருது அசைபோட்டுக்கொண்டிருந்தது. மென்றது, விழுங்கியது, சற்று நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது, அப்புறம் அடுத்த கவளம். அவள் அதன் கன்னத்தில் கை வைத்தாள். தோலுக்கடியில் சதை அலை மாதிரி உருண்டது. நெற்றிப்பொட்டுப் பக்கமும் உருண்டது. சும்மா இருக்கும்போது இரண்டும் பஞ்சாகிவிட்டன. தன் கன்னத்தைத் தொட்டாள். கல்.

எருதுக்குக் கொள்ளு வேகும் பானையில் முந்தானையை நனைத்துப் பிழிந்து, கன்னத்தில் ஒற்றி, பொட்டு வரைக்கும் மெல்லத் தேய்த்தாள். பல்லோடு பல் படாமல் விட்டாள். கொள்ளு வாசம், மாட்டு மூச்சு, கூரைச் சந்தில் மஞ்சள் வெயில். தண்ணீருக்கடியில் கிடப்பது போல இருந்தது. காவேரி வந்து களத்தை மூடிவிட்டதாகவும், தொலியெல்லாம் மீனாக மிதப்பதாகவும், தன் தாடை கயிறறுந்த பரிசலாக எங்கேயோ போவதாகவும் கனவு கண்டாள். காதருகே 'டொக்' என்றது. விழித்தபோது வாய் திறந்திருந்தது, கொஞ்சம் கோணலாக.

விளக்கு வைப்பதற்குள் சென்னியம்மாள் முன் போய் நின்று 'ஆ' காட்டினாள். உள்ளே உடைந்த பல்லும் நாக்கும்தான்.

"அப்ப அந்த வீக்கம்?"

"மெல்லற சதைங்க ஆத்தா. ஒரு பக்கமே கடிச்சு எறுகிப்போச்சுங்க. உங்க கன்னத்துல கை வெச்சுப் பல்லக் கடிங்க, தெரியும்."

சென்னியம்மாள் கடித்தாள். விரலுக்கடியில் ஒரு உருண்டை எழும்பியது. திடுக்கிட்டு மறு கன்னத்தையும் தொட்டாள்.

"ஆத்தா, நீங்க ரெண்டு பக்கமும் அடக்கியிருக்கீங்களே!" என்றாள் ராசாத்தி.

மறுநாளும் பூவாத்தாள் களத்துக்கு வந்தாள். பல்லை விட்டுவிட்டு நகத்தால் உரித்தாள். நாலு நாள் கூழ்தான் குடித்தாள். ஆனால் சந்தைக்கு யார் தகவல் கொண்டுபோனார்களோ, அந்தத் தகவலோடு மாரியாயியும் கூடவே கிளம்பிவிட்டாள்.

வெகுநாள் கழித்து வளையல்காரன் ஒருவன் பூவாத்தாளிடமே அந்தக் கதையைச் சொல்லி, நிசமா என்று கேட்டான்.

"ஒம்போது நாளும் இல்ல, மாரியாயியும் இல்ல. ஒரு பொழுதுதான் பூட்டிக்கிச்சு. அன்னிக்கு என் வாயில ஒண்ணுமே இல்ல. அதுக்கு முந்துன நா தின்னது ஏழு பருப்பு. அத எவனும் கேக்கல."