பியூட்டி பார்லரில் தூண்டில் ராடு

கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறது ஜான்சியின் பியூட்டி பார்லர். 'பெண்களுக்கு மட்டும்' என்று கதவில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஆனாலும் சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், வாசலில் நாலைந்து ஆண்கள் ஆளுக்கொரு தூண்டில் ராடோடு பவ்யமாக நிற்பார்கள். உள்ளே கால் வைக்க முடியாது. ஜன்னல் வழியாகத்தான் ராடு போகும், வரும்.

எல்லாம் அவள் கணவரால் வந்தது. மனிதர் ஞாயிறு பூசை முடிந்த கையோடு மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார். ஒரு வாரம் கார் கதவில், மறுவாரம் மின்விசிறியில் என்று ராடின் நுனியை உடைத்துக்கொள்வார். நுனியில் நூல் ஓடுகிற சின்ன வளையம் ஒன்று இருக்கிறதே, அது போனால் ராடு வெறும் கம்புதான். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் ஜான்சியே உட்கார்ந்தாள். முடி உலர்த்தும் டிரையரால் பசையை இளக்கிப் பழைய வளையத்தைக் கழற்றினாள். புதியதை ஒட்டி, அடியில் புருவம் எடுக்கிற நூலைச் சுற்றி, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசினாள். அந்த வளையம் மூன்று வருஷமாக அசையவில்லை. கணவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

போன ஆடிக் கடைசியில் சிதம்பரத்திலிருந்து விருத்தாம்பாள் என்றொரு அம்மாள் பஸ் ஏறி வந்தார். கையில் பழைய வேட்டியில் சுற்றிய ராடு.

"ரிப்பேருக்கு இல்லம்மா. யாராச்சும் கேட்டா குடுத்துடு. வூட்ல இருந்தா அவரு அதையே பாத்துக்கினு உக்காந்துருக்காரு."

"ஏம்மா, புதுசாட்டம் இருக்குதே?"

அவருடைய வீட்டுக்காரர் ஞானசேகரன் ரிடையரான சர்வேயர். தை மாதம் லேசாகப் பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்துபோனது. கை தேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளைக்குப் போய்த் தூண்டில் போட்டார். மீன் கடிக்கும், இழுப்பார், நூல் அறுந்துவிடும். தடித்த நூல் வாங்கினார், அதுவும் அறுந்தது. அதோடு பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தையும் தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது சட்டைப் பொத்தானைக்கூட விருத்தாம்பாள்தான் போட்டுவிட வேண்டியிருக்கிறது.

"கை வெடுக்குனு இழுத்துடுதாம். இது இனிமே கையே இல்லடிங்கறாரு," என்றார் அம்மாள்.

ஜான்சி ராடைக் கையில் வாங்கினாள். பழக்க தோஷத்தில் துளிப் பஞ்சை ஈர்க்குச்சியில் சுற்றி நுனி வளையத்துக்குள் விட்டுத் திருப்பினாள். வருகிற ராடுக்கெல்லாம் அவள் முதலில் செய்வது இதுதான். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி, இழை இழையாகப் பிரிந்து நின்றது. வளையத்தின் உள்ளே பதித்திருந்த பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். இழுக்கிற நூலையெல்லாம் அதுதான் அறுத்திருக்கிறது. பாவம், மனிதர் பழியைத் தூக்கிக் கையின்மேல் போட்டிருக்கிறார்!

"அம்மா, அவரு கை நல்லாத்தான் இருக்குது. இந்த வளையந்தான் ஒடஞ்சிருக்குது."

"டாக்டர் சொல்லியே நம்பாத மனுஷன். நீயும் நானும் சொன்னா நம்பிடுவாரா?"

அதுவும் நியாயந்தான். ஜான்சி புது வளையத்தை ஒட்டினாள். பசை ஆறுவதற்குள் ஒற்றைக் கண்ணை மூடி, ராடின் மற்ற வளையங்களோடு நேராகப் பார்த்து நிறுத்தினாள். பழையதைக் காகிதத்தில் மடித்து, கூடவே ஓர் உருண்டைப் பஞ்சும் வைத்துக் கொடுத்தாள்.

"நாம ஒண்ணும் சொல்ல வேணாம்மா. பஞ்ச வுட்டு அவரையே சுத்திப் பாக்கச் சொல்லுங்க. அந்தக் கையாலயே."

பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை. ஜான்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் பண்ணலாம்தான். ஆனால் திரும்பவும் நூல் அறுந்திருந்தால்? அதைக் காதால் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

பதினோராம் நாள் கயல்விழி என்ற கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நூலின் ஒரு முனை ஜான்சியின் பல்லில், மிச்சம் இரண்டு கையிலும். கயல்விழிதான் கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஞானசேகரன் பேசறேம்மா, சிதம்பரம். கிள்ளையில இருக்கேன். கொடுவா மீனு ஒண்ணு, நல்ல பெருசு. கரை வரைக்கும் இழுத்துட்டேன், தூண்டி முள்ளு கழண்டு ஓடிப்போச்சு. நூலு அறுந்து போவலம்மா! நூலு அப்டியே இருக்குது!"

மீனைக் கோட்டைவிட்டவர் இப்படிச் சிரித்து ஜான்சி கேட்டதே இல்லை. சிரித்து முடித்தபின் அவர் குரல் இறங்கியது.

"இத்தினி மாசமா என் கையப் போட்டுத் திட்டிக்கினே இருந்தேம்மா."

பல்லில் நூல் இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டிக் கயல்விழியின் நெற்றியில் விழுந்தது.

அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "யக்கா, முடியப் புடுங்கறது எனக்கு. நீங்க ஏன் அழுவறீங்க?"