இரண்டு ஹார்ட்வேர்

கம்ப்யூட்டர் கிளாஸில் சேரப் போகிறேன், ஹார்ட்வேரை ஆப்பரேட்டிங் சிஸ்டம் எப்படிக் கட்டி மேய்க்கிறது என்றெல்லாம் சொல்லித் தருவார்கள் என்றேன். அம்மா சிரிக்கக்கூட இல்லை. "ஹார்ட்வேர் நம்ம கடை நெறய கெடக்கு. அதுக்கு எதுக்குட்டி கிளாஸ்?" சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை. அப்பா இறந்தபின் அதைப் பார்க்க அம்மாவும் நானும்தான்.

பகல் முழுக்கக் கடை, சாயங்காலம் தம்பானூரில் கிளாஸ். உட்கார்ந்ததுமே கண் சொக்கும். பிராசஸர் ஒன்றுதான், வேலைகள் பல; ஒன்றைப் பாதியில் நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவும் என்பார் சார். ஒருத்தருக்கு ஆணியைத் தராசில் போட்டபடியே இன்னொருத்தருக்குத் தாழ்ப்பாள் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். இதைப் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வரும். அந்தப் பேப்பரில்தான் தோற்றேன்.

அதில் தேறினால்தான் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலைக்கு முயல முடியும். எனக்கு வேலை கிடைத்தால்தான் கடைக்கு ஆள் வைப்பேன் என்றாள் அம்மா. ஆள் வைத்தால்தான் நான் படிக்க முடியும். ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாமே நின்றுபோகும் டெட்லாக்குக்கு சார் உதாரணம் கேட்டபோது இதையே சொன்னேன். கிளாஸ் முழுக்கச் சிரித்தது. "ஆரெங்கிலும் ஒராள் பிடி விடணம்" என்றார் சார் மலையாளத்தில். யாராவது ஒருவர் பிடித்திருப்பதை விட வேண்டுமாம். விடுவதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது என்று அலுப்பாக இருந்தது.

மறு பரீட்சையன்று காலை கிளம்பியவளைப் பக்கத்துக் கடை அண்ணாச்சி நிறுத்தினார். "உங்க அம்மைக்கு என்ன ஆச்சு மக்ளே? நீ கிளாசுக்குப் போன பெறவு வாற ஆளையெல்லாம் எங்கிட்ட அனுப்புது."

திரும்பிப் போனேன். ஒரு கொத்தனார் பெரிய கீல் கேட்டு நின்றிருந்தார். மேல்தட்டில் பளிச்சென்று தெரிந்தது கீல். "இல்ல, அங்க கேளுங்க" என்று அண்ணாச்சி கடையைக் காட்டினாள் அம்மா.

அவர் போனதும் கத்தினேன். "இருக்கதை இல்லன்னு சொல்லுவியா?"

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டாள். "ஏணியில ஏற முடியல்லட்டி. சொன்னா நீ கிளாசுக்குப் போவியா?"

போயிருக்க மாட்டேன். கோபம் போன இடம் தெரியவில்லை, அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்துவிடட்டுமா என்றேன். "பரீட்சை இருக்குல்லா, போ" என்று பையை என் தோளில் மாட்டிவிட்டாள். நான் தெருவில் இறங்கியதும் பின்னால் யாரோ எதையோ கேட்டார்கள். "இல்ல, அங்க கேளுங்க" என்றாள் அம்மா. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.