திருகாணி வைத்த கோல்ஃப் மட்டை

சென்னையில் கோல்ஃப் ஆடும் முதலாளியின் பையைச் சுமந்து, குழி எத்தனை கெஜம் தூரம் என்று சொல்வது, திருத்தணியிலிருந்து என்னோடு காலை ரயிலில் வரும் ஒல்லி மனிதரின் வேலை. முதலாளி சோதிக்கச் சொன்ன புது மட்டையோடு ஒருநாள் திருத்தணியின் வறண்ட ஏரியில் நின்றார்; நானும் கூட இருந்தேன். மட்டையின் தலையிலுள்ள திருகாணிகளை மாற்றினால் பந்தின் திசை மாறுமாம். செருப்பைக் கழற்றிவிட்டு, மாற்றி மாற்றி அடித்தார். எல்லாப் பந்தும் ஒரே பக்கம் விழுந்தது.

"எல்லாம் ஒன்னுதான்னு சொன்னா மொதலாளி வேலைய விட்டுத் தூக்கிடுவாரு," என்றார்.

"நல்லாக்குதுன்னு சொல்லிடுங்களேன்," என்றேன்.

முறைத்தார். "நான் சொல்ற தூரத்த நம்பித்தான்யா அவரு அடிச்சிகினு இருக்காரு. இதுல பொய் சொன்னா, அப்பால எத்த நம்புவாரு? போய்யா அந்தாண்ட!"

மறுவாரம் முதல் அவரைக் காலை ரயிலில் காணோம்; முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாராம். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வேலையைப் பறித்தவர் முதலாளி. கோபம், பொய் சொல்லச் சொன்ன என் மேல். அது சரிதான் என்றே எனக்குப் படுகிறது.