வைரக்கண்ணு பார்த்த கரி

ஈரச் சாக்கை நான்காக மடித்துப் புகைக்குழாயின் வாயில் அழுத்தியபடி காரின் பின்னால் மண்டியிட்டிருக்கிறார் வைரக்கண்ணு. "ரேஸ் பண்ணுங்க சார்... போதும், போதும்." வாய் அடைபட்ட புகை வேறு எங்கே பிதுங்குகிறது என்று கேட்கத் தலையைத் தரையோரம் சாய்க்கிறார். காதுக்குத்தான் வேலை, ஆனால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்.

பெரம்பலூரில் துறையூர் சாலையோரம் அவருடைய தகரக் கொட்டகை. சைலன்சர் தவிர வேறு எதையும் தொடமாட்டார். பிரேக் என்று வருகிறவர்களை, "அது நம்ம வேலையில்லீங்க" என்று அடுத்த கடைக்கு அனுப்பிவிடுவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். ஓட்டையைக் கண்டால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, உடையவரைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்க வைப்பார். இடுப்பு வலிக்காரராக இருந்தாலும் விடமாட்டார்.

என் காருக்கு இருபது வயது. சோளம் பொரிவதுபோல் படபடவென்று ஒரு சத்தம். இன்ஜினை ஒட்டிய இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போயிருந்தது. மாற்றியதும் வண்டி சாதுவாகிவிட்டது. சாவிக்குக் கை நீட்டினேன். அவரோ கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, ஓடுகிற வண்டியின் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். சித்திரை வெயிலில் கால் மணி நேரம்.

"தல வலிக்கல. இனி எடுத்துட்டுப் போங்க" என்று நனைந்த சட்டையோடு இறங்கியவரிடம் காரணம் கேட்டேன். அரியலூர் போகிறேன் என்றதும், "கல்லங்குறிச்சில எறக்கி வுடுவீங்களா?" என்று ஏறிக்கொண்டார். வழியில்தான் பேசினார்.

மூன்று வருடங்களுக்கு முன், கல்லங்குறிச்சி அரியமுத்துவும் அவர் மனைவி அம்சவள்ளியும் பழைய கார் ஒன்றில் வந்திருக்கிறார்கள். திருமழபாடியில் கல்யாணம். வண்டி டிராக்டர்போல் உறுமியிருக்கிறது. "இந்தச் சத்தத்தோட போயி எறங்குனா மானம் போயிடும் தம்பி" என்று அந்தம்மா கெஞ்சியிருக்கிறார். பின்பக்க ஓட்டையை அடைத்ததும் சத்தம் நின்றுவிட்டது.

"ஆனா சீட்டுக்குக் கீழ, முன்பைப்பு ஜாயிண்டுல கரி படிஞ்சிருந்துச்சு சார். அங்கயும் பொக கசியுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல காரோட அடித்தகரமும் துருப்பிடிச்சு ஓட்டையா கெடந்துச்சு, பொக உள்ள ஏறிடும். பாத்தேன். சொன்னா, அதையும் பாத்துட்டுப் போறோம்பாங்க, ரெண்டு மணி நேரமாவும். எனக்குப் பசி. பேசாம அனுப்பிட்டேன். சொல்லியிருந்தா பஸ்ஸுலயாச்சும் போயிருப்பாங்க."

அன்று மழை, மற்ற கண்ணாடிகளெல்லாம் ஏற்றியிருந்தன. வெற்றிலை துப்புவதற்காக அரியமுத்து தன் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்திருந்தார். பின்சீட்டில் தலைவலி என்று படுத்த அம்சவள்ளியைத் திருமழபாடியில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள். உயிர் வந்தது, ஞாபகம் பாதிதான் வந்தது.

"வண்டி பழசு, நீ என்னப்பா பண்ணுவன்னு எனக்கே ஆறுதல் சொன்னாரு. மாசாமாசம் போறேன். கரியப் பாத்தத மட்டும் இன்னும் சொல்லல."

கல்லங்குறிச்சியில் வேப்பமரத்தடியில் அரியமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வைரக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அவரிடம் போனார். "அண்ணே, அன்னைக்கு அந்த ஜாயிண்டுல கரியப் பாத்தேன். பாத்துட்டுத்தான் அனுப்புனேன்."

மாடு குடித்து முடித்ததும் அரியமுத்து வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். அவ்வளவுதான்.

சொம்பில் தண்ணீரோடு அம்சவள்ளி வெளியே வந்தார். தலையில் பூ இருந்தது; ரவிக்கை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தது. "யாருங்க வந்திருக்கிறது?"

அரியமுத்து வைரக்கண்ணுவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "நம்ம கார்ல சத்தம் வந்துச்சுல்ல, அத நிறுத்திக் குடுத்தவரு."

"அப்படியா! நல்லா இருப்பீங்க தம்பி. காதே போயிடும்போல இருந்துச்சு" என்று சிரித்தபடி அந்த அம்மாள் சொம்பை நீட்டினார்.

வைரக்கண்ணு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுகக் கோத்துக்கொண்டார்.