என் காது போட்ட சத்தம்

எனக்கு பிபி இருக்கிறது என்று கம்பெனி டாக்டர் சொன்னபோது பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஆலையின் ஸ்டோரில் பதினொரு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மூன்று ஆள் உயர ரேக்கில் கனத்த பெட்டியை முட்டை வைக்கிற மாதிரி வைப்பவன் நான். அந்த மனுஷனோ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "தினம் ஒரு மாத்திரை. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். குறையலைன்னா வண்டி கிடையாது, பேக்கிங்தான்" என்றார். பேக்கிங்! டேப் ஒட்டவா நான் லைசென்ஸ் எடுத்தேன்?

பத்து நாள் ஒழுங்காக விழுங்கினேன். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. நல்லாத்தானே இருக்கிறோம், எதுக்கு இந்தக் கண்றாவி என்று நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரி கேட்டால், "போட்டாச்சு" என்பேன். அட்டையிலிருந்து தினம் ஒன்றைப் பிதுக்கி வாஷ்பேசினில் போடுவேன். பொய் சொன்னாலும் அதில் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

ஒரு மாதத்தில் பின்மண்டை வலிக்க ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸில் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். எங்கள் பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆபரேட்டர், பாதிப் பேர் வைத்தியர். முன்சீட் முருங்கைக்கீரை சூப் என்றது. ஜன்னலோரம் சுக்குப் பற்று என்றது. கடைசி சீட்டுக்காரர், "வாலாஜாபாத்துல ஒருத்தர் கீறாரு. காதுல மணி ஒட்டுவாரு. என் முட்டி வலி போன எடம் தெரியலபா" என்றார். விழுங்க வேண்டாம், குடிக்க வேண்டாம். எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போனேன். செல்போன் கடை மாடியில் சுத்தமான ஒரு சின்ன அறை. உட்கார்ந்ததும் வைத்தியர் கேட்டார்: "பிபி, சுகர் எதுனா கீதா? மாத்திரை சாப்பிடறியா?"

"ஒண்ணும் இல்ல சார். சும்மா தலவலி."

பிபி என்றால் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயம். அவர் நம்பினார். காதுக்கு ஐந்து வீதம் கடுகளவு எஃகு மணிகளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, வலிக்கும்போது அழுத்தச் சொன்னார். அழுத்தினால் சுகமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆலை கேட்டில் செக்யூரிட்டியின் மெட்டல் டிடெக்டர் என் தலைப் பக்கம் வந்ததும் வீல் என்று கத்தியது. வலது காதுக்கு ஒரு கத்தல், இடது காதுக்கு ஒரு கத்தல்.

"காதுல இன்னா?"

"மருந்து."

"காது மருந்த உள்ள ஊத்துவாங்க. மேல ஒட்டுவாங்களா?"

அவர் தன் அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல போன் பேசலாமா?" என்றார். "பேசலாம் சார், வாலாஜாபாத் வரைக்கும் லைன் கிடைக்கும்" என்றேன். என் வாய்க்குத்தான் முதலில் பிளாஸ்திரி போட்டிருக்க வேண்டும். பின்னால் ஃபர்ஸ்ட் ஷிப்ட் மொத்தமும் வரிசையில் நிற்கிறது. "அவருக்குத் தலவலி சார், உடுங்க!" என்று எங்கள் பஸ்ஸே சாட்சி சொன்னது. தலைவலி என்றால் மெடிக்கல் ரூமுக்குப் போ என்று தள்ளிவிட்டார்கள்.

அங்கே இருந்த சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். மணிகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கையில் பிபி பட்டையைச் சுற்றினார். நம்பாமல் இன்னொரு முறை சுற்றினார். "நூத்தித் தொண்ணூறு. மாத்திரை போடுதியளாண்ணே?"

மாட்டிக்கொண்டதும் பழியைத் தூக்கி வாலாஜாபாத் மேல் போட்டேன். "அவரு வேணாம்னுட்டாரு சிஸ்டர்."

சிஸ்டர் டாக்டருக்குத் தகவல் சொல்லி, என்னைப் படுக்க வைத்தார். பிறகு வைத்தியரின் நம்பரை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு வைத்தியமும் அடித்துக்கொள்ளும், நடுவில் நழுவிவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"நான் எப்பம்மா வேணாம்னேன்? பிபியே இல்லன்னாரே அந்தாளு! இது வலியக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்ளோதான். மாத்திரைய நிறுத்தச் சொல்ற வேலையே நம்மகிட்ட கெடையாது!"

"அதத்தான் சார் நானும் சொல்லுதேன்."

அப்புறம் இருவரும் கூட்டுச் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். எஃகு கத்தினால் விதை வைத்து ஒட்டலாம், மாத்திரை சீட்டோடு வரட்டும் என்றார் அவர். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒட்டிக்கொள்ளட்டும் என்றார் இவர். சம்பந்தி பேச்சு மாதிரி சுமுகமாக முடிந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு சிஸ்டர் கையை நீட்டினார். "வண்டி பர்மிட் கார்டக் குடுங்கண்ணே. டாக்டர் சொல்லுத வரைக்கும் வண்டில ஏறக் கூடாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இத்தன நாளா ஓட்டிக்கினுதானே இருந்தேன்? என் ஒடம்பு, என் தல. வுழுந்தா நான்தானே வுழுவேன்!"

அவர் குரலை உயர்த்தவில்லை. "மேல பொட்டிய வைக்கையில நீங்க விழுந்தா, கீழ யாருண்ணே நிக்காவ?"

பார்ட்ஸ் எடுக்கிற பெண்கள் நிற்பார்கள். மற்ற டிரைவர்கள் ஹாரன் அடித்தால் நிமிர்ந்து பார்த்து ஒதுங்குவார்கள். என் வண்டி வந்தால் மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஓட்டுவது நான் என்று அவர்களுக்குத் தெரியும்.

கழுத்திலிருந்து கார்டைக் கழற்றிக் கொடுத்தேன்.