பூ வாங்காத ஆள்

ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் சந்தனம், ஆளைப் பூவை வைத்துத்தான் எடை போடுவாள். முழத்தை இழுத்து அளக்கச் சொல்கிறவன் யோக்கியன். பேரம் பேசாதவன் எங்கோ தப்புச் செய்தவன். அவள் புருஷன் சவுதிக்குக் கிளம்பிய அன்று பேரம் பேசாமல் பந்து பந்தாகப் பூ வாங்கித் தந்தான். பிறகு ஆளும் இல்லை, போனும் இல்லை.

கோயிலுக்கு வருகிறவர்கள் அவளிடம் பூ வாங்கிக்கொண்டு, துணிப் பைகளை அவள் பொறுப்பில் விட்டுப் போவார்கள். அந்தக் காவலால்தான் அவளுக்கு வியாபாரம். போன மாதம் ஒரு பை காணாமல் போனது. "இன்னொரு பை போச்சுன்னா நீ இங்க உக்கார முடியாதும்மா" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம்தான் அந்த ஆள் கண்ணில் பட்டார். வெள்ளிக்கிழமைகளில் கீரனூர்ப் பக்கமிருந்து வரும் வண்டியில் இறங்குவார். கோயிலுக்குப் போகமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர்கள் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"வீட்டம்மாவுக்கு ஒரு முழம் வாங்கிட்டுப் போங்க சார்."

"வேணாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாமியும் வேண்டாம், பூவும் வேண்டாமா? டீக்கடை அழகுமலையிடம் கிசுகிசுத்தாள். "போன பைய எடுத்தது இவன்தாண்ணே."

"சட்டை இஸ்திரி போட்டிருக்காரே."

"திருடனுக்கு இஸ்திரி ஆகாதாக்கும்!"

அடுத்த வெள்ளி ஒரு குடும்பம் அர்ச்சனைப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனது. அவர் கை அந்தப் பைக்குள் போனது. சந்தனம் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எடுய்யா கைய!"

கையில் ஒரு சின்னப் பாட்டில் நல்லெண்ணெய், ஒரு பொட்டலம் திரி.

"எடுக்கலம்மா, வச்சேன். என் பேரு ரெங்கராஜ். வீட்டுக்காரி தாயார் சன்னதியில வெள்ளிக்கெழம வெளக்குன்னு நேந்திருந்தா. பாதியில போய்ச் சேந்துட்டா. வருசம் திரும்பாம நான் கோயிலுக்குள்ள போகக் கூடாது. யார்ட்டயாச்சும் குடுத்துவிடலாம்னா, ஏன் நீங்க போகலன்னு கேப்பாங்க. சொல்ல வாய் வரல. அர்ச்சனைப் பையில வச்சுட்டா எப்படியும் சன்னதிக்குப் போயிரும்ல."

பைக்காரம்மா பதறிப் பையை இழுத்துக்கொண்டாள். "சாவு வீட்டு எண்ணெய் எங்களுக்கு எதுக்கு?" குடும்பம் நடையைக் கட்டியது.

சந்தனம் எண்ணெயை முகர்ந்து பார்த்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். நல்ல எண்ணெய்தான். ஆனால் யார் கொண்டுபோவது? தான் போனால் இந்தப் பைகள்? கடைசியில் பாட்டிலையும் திரியையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

"என் சாக்குல உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது." அழகுமலையிடம் போய், "இவரு மேல ஒரு கண்ணு வையிண்ணே" என்றாள். திரும்பி வந்து ரெங்கராஜின் காதில், "அழகுமலை மேலயும் ஒரு கண்ணு வைங்க. போன மாசம் அவனும் இங்கனதான் இருந்தான்."

தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். விளக்கேற்றியதும் சாமியைச் சரியாகக்கூடக் கும்பிடவில்லை. ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

பைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ரெங்கராஜும் வைத்தபடியே இருந்தார். பூக்கூடையில் ஓர் ஆடு தலையை விட்டுக் கடைசிச் சரத்தை மென்றுகொண்டிருந்தது.

"ஆட்டை வெரட்டக் கூடாதா சார்?"

"எந்திரிக்கக் கூடாதுன்னீங்களே."

அவள் ஆட்டை விரட்டினாள். காலிக் கூடையைப் பார்த்தாள். பிறகு பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

"அடுத்த வெள்ளிக்கெழம ரொப்பிக் கொண்டாங்க. வர்றப்ப ஒரு குச்சியும் எடுத்துட்டு வாங்க."