டெஸ்ட் பிரிண்டில் யார் முகம்

1. கலர் பிரிண்டருக்குக் கரி மை

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் மையில் அச்சடித்தால் டியூப்லைட்டில் யோக்கியமாகத் தெரியும், வெயிலில் பச்சை அடிக்கும். அந்தச் சனியனை ஒழிக்கத்தான் என் பழைய பிரிண்டரைப் பிரித்துக் கழுவினேன். கரி மை ஒன்று, அதைக் கரைக்க பேஸ் என்கிற நிறமில்லாத திரவம் ஒன்று. விகிதத்தை மாற்றினால் சாம்பல் மாறும். சயான் நீலம் இருந்த கார்ட்ரிட்ஜில் அடர் சாம்பல், மஞ்சள் இருந்ததில் வெளுத்த சாம்பல் என்று எல்லாவற்றிலும் நானே கலந்து ஊற்றினேன். எந்த மை எவ்வளவு விழவேண்டும் என்பதைத் தனி சாஃப்ட்வேர் ஒன்று பார்த்துக்கொள்ளும்.

பெங்களூர் சிவாஜிநகரில் கல்யாண ஆல்பம் லேபில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, அல்சூரில் ஒற்றை அறை எடுத்து ஆரம்பித்த தொழில் இது.

வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பட்டை பட்டையாக அச்சிட்டு, ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து பிரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். வெளுத்த பக்கம் அருமையாகப் பிரிந்தது. கறுத்த பக்கம் கடைசிப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நிழல்தானே, எவன் உற்றுப் பார்க்கப் போகிறான் என்று விட்டுவிட்டேன். நெட்டில் எல்லோரும் எடுக்கிற டெஸ்ட் படம் ஒன்று உண்டு. ஒரு வெளிநாட்டுப் பெண் முகம். அதைப் போட்டேன். கன்னத்தில் விழுந்த வெளிச்சம் வெண்ணெய் மாதிரி வந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி அலட்டிக்கொண்டேன்.

2. டீச்சர் கேட்டது

ஃபிலோமினா டீச்சர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை, ஓய்வு பெறப் போகிறவர். அங்கே ஹாலில் முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர்களின் படங்கள் கறுப்பு வெள்ளையில் வரிசையாக மாட்டியிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை விழாவில் இவர் படமும் சுவரில் ஏறவேண்டும். படத்தை யாரோ நன்றாகவே எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

முதல் பிரிண்டை எடுத்துப் பார்த்தேன். புடவை இருந்தது, மூக்குக்கண்ணாடி இருந்தது, பல் வரிசை இருந்தது. முகம் ஒரே கரி. டீச்சர் நல்ல கறுப்பு. நெற்றி, கன்னம், தாடை எல்லாம் அந்த ஒட்டிப்போன பட்டைகளுக்குள் போய் விழுந்துவிட்டன.

அப்போதாவது மையைத் திருத்தியிருக்கவேண்டும். லேப் புத்தி விடுமா? எங்கள் முதலாளி நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் நின்று கன்னடம் கலந்து சொன்னது ஒன்றுதான்: "மூஞ்சிய தூக்குப்பா. கறுப்பா குடுத்தா பொண்ணு வீட்டுக்காரன் ஆல்பத்தைத் தொடவே மாட்டான். சும்னே டைம் வேஸ்ட் பண்ணாத." தூக்குவது என்றால் கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் வெளுப்பது. தூக்கினேன். கன்னம் வழுவழுவென்று வந்துவிட்டது.

மறுநாள் டீச்சர் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி. இது யாரு?"

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் பிரைட் பண்ணியிருக்கேன் டீச்சர். எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

"நான் கேட்டேனா?"

"இல்ல டீச்சர்."

"அந்தச் சுவத்துல இருக்கறவங்க எல்லாரும் செவப்பு தம்பி. இந்தக் கலர்ல அங்க போற மொத ஆளு நான்தான். எங்க ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்க என்னை மாதிரிதான் இருக்கும். அதுங்க நிமிந்து பாத்தா நான் அங்க இருக்கணும்ல?" என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீங்களும் என் கலர்தானே. உங்களுக்கு ஏன் இப்படித் தோணுச்சு?"

பேப்பர் சரியில்லை என்று ஒரு பொய் தொண்டை வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "மெஷின்ல கறுப்பு பிரியல டீச்சர். மையை நான் அப்படிக் கலந்துட்டேன்" என்றேன்.

"அப்ப வேற மாதிரி கலங்க. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு." படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

3. ஹார்ட் டிஸ்கில் தேடியது

வெளுத்த சாம்பல் இரண்டைக் கீழே கொட்டினேன். அந்த இடத்தில், கரிக்கு அடுத்தபடியாக இரண்டு அடர் சாம்பல் கலந்து ஊற்றினேன். பட்டைகள் பிரிந்தன. ஆனால் பட்டை மட்டும் போதாது, முகத்தில் பார்க்கவேண்டும். என் மகள் என் நிறம். அவள் படம் ஒன்றைப் போடலாமென்று ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன்.

பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, கல்லூரி, போன வருஷம் ஐடி கம்பெனியில் சேர்ந்தபோது எடுத்தது. ஒன்று விடாமல் தூக்கியவை. தூக்கியதை ஒரிஜினல் மேலேயே சேவ் செய்திருந்தேன். பெற்ற மகளின் சொந்த நிறத்தில் ஒரு படம்கூட என்னிடம் இல்லை. முதலாளி சொல்லிச் செய்ததில்லை இது. நானே ஆசை ஆசையாகச் செய்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பியவளை மொட்டை மாடியில் நிற்கவைத்து எடுத்தேன். பிரிண்டில் கன்னக் குழி விழுந்தது, மூக்கோரத்து மச்சம் தனியாகத் தெரிந்தது. அதே மையில் டீச்சர் படத்தையும் போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ம், இப்ப நான்தான்" என்று சொல்லி எடுத்துப் போனார். வெள்ளிக்கிழமை சுவரில் ஏறியது. விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். போக முகம் இல்லை.

அன்று சாயங்காலம் மகளிடம் அவள் படத்தைக் காட்டினேன்.

"டெஸ்ட்தானேப்பா இது? எடிட் பண்ணிட்டுக் குடுங்க."

"எடிட் இல்லம்மா. இதுதான்."

அவள் படத்தையே பார்த்தாள். பிறகு கையைத் திருப்பித் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டாள். "நான் இவ்ளோ கறுப்பாப்பா?" என்றாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: டெஸ்ட் பிரிண்டுக்கு உங்கள் வீட்டு முகத்தைப் போடுங்கள், ஒரிஜினலை அழிக்காதீர்கள். மையை மறுபடி கலக்கலாம். அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.